பூவாளம்பேட்டையில் பருப்பு வேகவில்லை

7

"ராஜாங்கம், சட்டையைக் கழட்டு."

துப்பறியும் நிபுணர் ஞானாம்பாள் இப்படி உத்தரவு போட்டபோது பகல் பதினொன்றரை மணி. இடம், பூவாளம்பேட்டைப் பேரூராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் இருந்த குழாயடி. எதிரே குடங்களோடு ஒன்பது பெண்கள். எனக்கு வயது நாற்பத்திரண்டு. அக்காவிடம் உதவியாளனாகச் சேரும் முன் பன்னிரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். தஞ்சாவூருக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் எத்தனையோ அவமானங்களைப் பார்த்தவன்தான், ஆனால் இப்படி ஒன்று அமைந்ததில்லை.

"இத்தனை பேர் முன்னாடியா அக்கா?"

"துப்பறிய வந்தியா, பொண்ணு பார்க்க வந்தியா? கழட்டுய்யா."

கழற்றினேன். அக்கா தன் தோல் பையிலிருந்து ஒரு புது சோப்பை எடுத்து என் கையில் வைத்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தைந்து வருஷம் ஊரார் பேசியதையெல்லாம் காதில் வாங்கிவிட்டு, ஓய்வு பெற்றதும் கீழவாசலில் சைக்கிள் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் திறந்தவர் அவர். அவருடைய பையில் பூதக்கண்ணாடி இருக்காது. சோப்பு இருக்கும், பருப்பு இருக்கும், ஒரு தடவை உயிரோடு கோழி இருந்தது.

குழாயைத் திறந்து தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டு சோப்பைத் தேய்த்தேன். அவ்வளவுதான், நுரை பொங்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. கண்ணை மறைத்து, காதில் புகுந்து, மீசையில் தொங்கி, இடுப்பு வேட்டிவரைக்கும் இறங்கியது.

"அடி ஆத்தி, பஞ்சு மிட்டாயாட்டம்ல இருக்காரு!" என்று ஒரு பெண் சொல்ல, மற்ற எட்டுப் பேரும் சிரித்தார்கள்.

"நல்லா நுரைக்குது," என்று அக்கா நோட்டில் குறித்துக்கொண்டார். "கடினமான தண்ணின்னா சோப்பு கட்டி கட்டியாத் திரிஞ்சு போவும். நுரையே வராது. இது நயம் தண்ணி."

குழாயடிக்குப் பக்கத்தில் நின்ற பொன்னுத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் கட்சிக்காரர் அவர்தான்.

வழக்கு இதுதான். ஒரு மாதத்துக்கு முன் மிராசுதார் தியாகேசன் பேரூராட்சிக்கு ஒரு மனு கொடுத்தார். குழாய்த் தண்ணீர் கடினமாகிவிட்டது, தன் வேட்டி வெளுக்கவில்லை என்று புகார். பேரூராட்சியும் ஒரு புட்டித் தண்ணீரைத் தஞ்சாவூர் ஆய்வகத்துக்கு அனுப்பியது. வந்த அறிக்கையில் கடினத்தன்மை ஆயிரத்து இருநூற்று நாற்பது, குடிக்க லாயக்கில்லை என்று போட்டிருந்தது. உடனே தியாகேசன் தர்மப்பிரபுவாகிவிட்டார். தன் ரைஸ் மில்லை ஒட்டியிருக்கும் முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான இரண்டு மா நிலத்தை, ஊருக்குப் புது போர்க் கிணறு போடுவதற்கு இனாமாகத் தருகிறேன் என்று அறிவித்தார். அதைச் சுற்றி 'தியாகேசன் நகர்' என்று மனை போட அவர் கல்லும் இறக்கிவிட்டார்.

அந்த இரண்டு மாவைப் பயிர் செய்வது பொன்னுத்தாய். அறுபத்தொன்பதில் வந்த குத்தகைப் பதிவுச் சட்டப்படி அவர் மாமனார் பெயரில் பதிவாகி, கொடி பிடித்து, கோர்ட் ஏறி, இவர் பெயருக்கு வந்த குத்தகை. இப்போது அதில் குறுவை கதிர் முற்றி நின்றது.

"நாலு மணிக்கு மன்றத்துல தீர்மானம் போட்டாங்கன்னா அஞ்சு மணிக்கு டிராக்டரை எறக்கிடுவாரும்மா," என்றார் பொன்னுத்தாய். "பொதுக் காரியம்னு வந்துட்டா குத்தகைப் பதிவு செல்லாதுன்னு சொல்றாரு. இன்னும் பத்து நாள்ல அறுப்பு. அந்த ரெண்டு மா போச்சுன்னா எனக்கு ஒண்ணுமில்ல."

"போவாது. நீங்க வயலுக்குப் போங்க, நாலு மணிக்கு வாங்க," என்றார் அக்கா. பிறகு குடக்காரப் பெண்கள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, தண்ணி சரியில்லைன்னு எப்ப தெரிஞ்சுது?"

"பருப்பு வேகவே இல்லீங்க."

"எப்பலேருந்து?"

"போன வியாழக்கிழமையிலேருந்து."

"எனக்கும் வியாழன்தான்."

"எங்க வீட்டுக்காரருக்கு முடியெல்லாம் கொட்டிப் போச்சு," என்றார் மூன்றாமவர். அந்த வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். நான் கண்டக்டராக இருந்த காலத்திலேயே அவர் தலையில் எழுபத்திரண்டாம் நம்பர் பஸ்ஸை ஓட்டலாம்.

"ராஜாங்கம், ஆய்வக அறிக்கையை நோட்டீஸ் போர்டுல எப்ப ஒட்டினாங்க?"

"வியாழக்கிழமை காலையில."

"பார்த்தியா? இந்த ஊர்ல பருப்பு நோட்டீஸ் போர்டு படிக்குது."

சட்டையை மாட்டிக்கொண்டே யோசித்தேன். தண்ணீர் நல்ல தண்ணீர் என்றால் புட்டிக்குள் போனது வேறு தண்ணீர். யார் எடுத்தது?

எடுத்தவர் மோட்டார் ரூமிலேயே இருந்தார். பம்பு ஆபரேட்டர் வைரக்கண்ணு. எங்களைப் பார்த்ததும் வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அக்கா சும்மா விடுவாரா?

"கையில என்ன கட்டு?"

"சுட்டுக்கிட்டேங்க."

"எதுல?"

"வேலையிலங்க."

"மோட்டார் போடுற வேலையில கை சுடுமா? ஆய்வகத்துக்குத் தண்ணி எடுத்தது நீங்கதானே?"

"உத்தரவுப்படி எடுத்தேங்க. உத்தரவுல இருந்தபடியே எடுத்தேன்," என்றவர் மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை என்று பிறகு தெரிந்தது.

"ஆளு வசமா மாட்டினான் அக்கா," என்றேன் வெளியே வந்ததும். "மிராசுதார் கவனிச்சிருக்காரு. பாட்டிலை மாத்திட்டான்."

"கையைச் சுட்டுக்கிட்டா பாட்டிலை மாத்துவாங்க? நட."

*

பேரூராட்சியின் செயல் அலுவலர் ஆடலரசு. பிறந்தபோது வைத்த பெயர் நடராஜன். தமிழ் வளர்த்தே தீருவது என்று அவர் முடிவெடுத்ததில் ஊர் கொஞ்சம் மெலிந்துவிட்டது. மனுவில் ஓர் எழுத்து தப்பினாலும் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புவார். ஆபீஸில் ஒற்று மிகுந்தால் அன்றைக்குச் சுபதினம், மிகவில்லை என்றால் மெமோ.

"அமருங்கள். குளம்பி அருந்துகிறீர்களா?" என்றார்.

"குளம்பா? மாட்டுக்குத்தானே சார் அது இருக்கும்?" என்றேன்.

"காப்பியைச் சொல்றாரு," என்று அக்கா என் காலை மிதித்தார். "வேணாங்க ஐயா. ஆய்வகத்துலேருந்து திரும்பி வந்த காலி பாட்டில் இருக்குதா?"

"புட்டி. இருக்கிறது. அம்மையீர் சாவித்திரி, அந்தப் புட்டியைக் கொணர்க."

தட்டச்சர் சாவித்திரி மேஜைக்கு அடியிலிருந்து புட்டியை எடுத்து வந்தார். பயந்த சுபாவம். மெமோக்களை அடுக்கி அதன் மேலேயே டைப்ரைட்டரை வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேபிள் காகிதம் சுருங்கி, பாதி உரிந்து, மை கலங்கியிருந்தது. தக்கையைப் பிடுங்கினார். அதன் ஓரத்தில் மூன்று உமி ஒட்டியிருந்தது. வாயை என் மூக்கில் வைத்தார். புட்டியின் வாயைத்தான்.

"என்ன வாசனை?"

முகர்ந்தேன். மூடி வைத்து ஒரு வாரம் ஆகியும் வாசனை போகவில்லை. "நெல் அவிக்கிற வாசனைக்கா. புழுங்க நெல்லு."

"லேபிள் ஏன் சுருங்கியிருக்கு?"

"நனைஞ்சிருக்கும்."

"நனைஞ்சா மை கலங்கும், சரி. பசையே விட்டுப்போயிருக்கே, ஆவி அடிச்சாத்தான்யா இப்படி உரியும். உமி, ஆவி, சுட்ட கை. மூணும் சேர்ந்து ஒரே எடத்துலதான் இருக்கும்."

நான் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கிக்கொள்வேன், ஆனால் விளங்கினால் சத்தமாக விளங்கும். "ரைஸ் மில்லு!" என்று கத்தினேன். சாவித்திரி பயந்து போய் மூன்று எழுத்தைச் சேர்த்து அடித்துவிட்டார்.

"நெல் அரைவை ஆலை," என்றார் ஆடலரசு.

*

மில்லுக்குள் நுழைந்தபோது பாய்லர் சீறிக்கொண்டிருந்தது. அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிப் பெண்கள் காலால் கிளறிவிட்டார்கள். பாய்லர் குழாயடியில் இரண்டு பேர் அண்டாவோடு வெந்நீருக்கு நின்றார்கள். பூவாளம்பேட்டையில் யார் வீட்டில் பிரசவம் என்றாலும், யாருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டாலும், வெந்நீர் வேண்டுமென்றால் அண்டாவைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குத்தான் ஓடுவார்கள். விறகு மிச்சம்.

அக்கா பாய்லர் குழாயின் வாயை நகத்தால் சுரண்டினார். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாகப் பொரிந்து வந்தது.

"வாராவாரம் உளி வச்சு இடிக்கிறேம்மா," என்றார் பாய்லர்காரர். "போர் தண்ணி அப்படி. குழாயையே அடைச்சுப்புடுது."

"பொம்மனாட்டிகளா, யாருடி அங்க?" என்று அதட்டிக்கொண்டே வந்த தியாகேசன், அக்காவைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "அடடே, வாங்கம்மா, வாங்க. பொன்னுத்தாய்க்காக வந்திருக்கீங்களாமே. எனக்கு அவ மேல கோவமே இல்லீங்க. ஊரு நல்ல தண்ணி குடிக்கணும்."

"அதான் எனக்கும் கவலைங்க," என்றார் அக்கா மிகவும் பணிவாக. "அந்த வயல்ல நல்ல தண்ணிதான் வரும்னு நிச்சயமாத் தெரியுமா? சந்தேகப்படுறாங்க சிலபேர்."

"எவன் சொன்னான்? என் மில் போருக்கும் அந்த வயலுக்கும் நடுவுல முப்பது அடிதான். ஒரே ஊத்து! எளநி தோத்துப் போவணும்."

"எழுதிக் குடுத்தீங்கன்னா கூட்டத்துல யாரும் வாய் திறக்க மாட்டாங்க."

"கையெழுத்தே போட்டுத் தர்றேன்."

போட்டும் கொடுத்தார். மை காய அக்கா ஊதிக்கொண்டிருந்தபோது ஒருவர் சைக்கிளில் இரண்டு குடத்தைக் கட்டி மிதித்துக்கொண்டு உள்ளே வந்தார். "ஐயா, குடிக்கத் தண்ணி வந்துருச்சு. குழாயடியில இன்னிக்கு ஒரே கூட்டம், யாரோ ஒரு ஆளு சோப்பு போட்டுக்கிட்டு நின்னானாம்."

தியாகேசன் இருமினார். நான் என் காதில் மிச்சமிருந்த நுரையைத் துடைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் குதித்தேன். "முடிஞ்சுது அக்கா! மிராசுதார் காசு கொடுத்தான், வைரக்கண்ணு பாய்லர்ல புடிச்சான். அயோக்கியப் பசங்க."

"காசு வாங்கினவன் பச்சைத் தண்ணியப் புடிச்சுக்கிட்டுப் போவான்யா. பக்கத்துலயே போர் இருக்கு. கொதிக்கிற தண்ணியப் புடிச்சு எதுக்குக் கையைச் சுட்டுக்கணும்?"

அக்காவுக்கே காரணம் தெரியவில்லை என்பதை அவர் முந்தானையைக் கடித்ததிலிருந்து தெரிந்துகொண்டேன். மணி மூன்றரை ஆகியிருந்தது.

*

மன்றக் கூடத்தில் மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. கரைத்துண்டோடு தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் பொன்னுத்தாய், சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை. நான் போய் ஒன்றை இழுத்துப் போட்டேன்.

ஆடலரசு தீர்மானத்தை எழுந்து நின்று வாசித்தார். தியாகேசன் கைகூப்பினார். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று தலைவர் கேட்டதும் அக்கா எழுந்தார்.

"ஆட்சேபணை இல்லீங்க, ஒரு சந்தேகம். ஆய்வகத்துக்குப் போன தண்ணி நம்ம குழாய்த் தண்ணி இல்ல. மில்லு பாய்லர்த் தண்ணி." உமி, உரிந்த லேபிள், வாசனை என்று மூன்றையும் எடுத்து வைத்தார். புட்டி உறுப்பினர்கள் மூக்கு மூக்காகப் போய்வந்தது. "வைரக்கண்ணு, அந்தக் கட்டு பாய்லர்க் குழாய்ல சுட்டதுதானே?"

வைரக்கண்ணு தலையை ஆட்டினார்.

கூடத்தில் கூச்சல் கிளம்பிவிட்டது. துரோகி என்றது ஒரு குரல். "அபாண்டம்! எனக்குச் சம்பந்தமே கெடையாது!" என்று தியாகேசன் துள்ளினார். அதைவிட உயரமாக ஆடலரசு துள்ளினார். "வைரக்கண்ணு! உம்மை இக்கணமே பணிநீக்கம் செய்கிறேன்!"

வைரக்கண்ணுவின் முகம் செத்துப்போனது. அவர் கட்டுப்போடாத கையால் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "நான் உத்தரவுப்படிதாங்க செஞ்சேன். படிச்சுப் பாருங்க. எனக்கும் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. மேலிடத்துல கேட்டா மெமோ வரும்னு பயந்துக்கிட்டுக் கேக்கலை."

அக்கா படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு அவருக்கு நெஞ்சு குலுங்க ஆரம்பித்தது, சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. தாளை என்னிடம் கொடுத்தார். கண்டக்டர் தொண்டையில் வாசித்தேன்:

"'பொதுமக்கள் முறையிட்டுள்ள வெந்நீரில் ஒரு புட்டி எடுத்து ஆய்வகத்துக்கு உடன் அனுப்புக. செயல் அலுவலர், ஆடலரசு.'"

"வெந்நீரா?" என்றார் தலைவர்.

"நம்ம ஊர்ல வெந்நீர்னா மில்லுதானேங்க?" என்றார் வைரக்கண்ணு. "பாய்லர்ல நேரா புடிச்சேன். சூடு ஆறிடக் கூடாதுன்னு துண்டுல சுத்தி, தஞ்சாவூர் பஸ்ல மடியிலயே வச்சுக்கிட்டுப் போனேன். தொடையும் வெந்துபோச்சு. அதை நான் சொல்லலை."

"நான் எழுதியது வன்னீர்!" என்று ஆடலரசு அலறினார். "வன்மை கூட்டல் நீர்! கடினத் தண்ணீருக்கு நான் படைத்த தூய தமிழ்ச்சொல்! இதோ என் கையெழுத்துப் படி!"

கோப்பில் உண்மையாகவே வன்னீர் என்றுதான் இருந்தது. எல்லார் தலையும் ஒரே சமயத்தில் சாவித்திரி பக்கம் திரும்பியது. அவர் எழுந்து நின்றார், முந்தானையைப் பிழிந்துகொண்டே.

"நான்தான் ஐயா திருத்தினேன். வன்னீர்னு ஒரு வார்த்தையே கெடையாதே, அவசரத்துல ஐயா பிழையா எழுதிட்டீங்கன்னு நெனச்சேன். பிழையோட அடிச்சா மெமோ குடுப்பீங்களேன்னு சரியா வெந்நீர்னு அடிச்சேன். நீங்களும் படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

ஆடலரசு படிக்கவில்லை. அதைச் சொல்லவும் முடியவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார், வந்ததைக் குடித்தார், பணிநீக்கத்தைப் பற்றி அப்புறம் பேச்சே எடுக்கவில்லை.

"அது கெடக்கட்டும்," என்றார் தலைவர். "அப்ப இந்த ஆயிரத்து இருநூத்து நாப்பது யாரு தண்ணியோடது?"

"ஐயாவோடதுங்க," என்று அக்கா தியாகேசனைக் கைகாட்டினார். "மில் போர் தண்ணிதான் பாய்லருக்குப் போவுது. அந்த வயலும் மில் போரும் ஒரே ஊத்துன்னு அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. நீங்க இன்னிக்கு தொட்டிக்குத் தண்ணி வர்ற நல்ல கிணத்தை மூடிட்டு, குழாயை அடைக்கிற தண்ணிக்குப் போர் போடப் பார்த்தீங்க."

"ஒரே ஊத்துன்னா... அப்படியே ஒரே ஊத்துன்னு இல்ல... பாய்லர்ல காய்ச்சிக் காய்ச்சி சுண்டியிருக்கும்..." என்று தியாகேசன் இழுத்தார்.

"பாதியாச் சுண்டியிருந்தாலும் போர்ல அறுநூத்தி இருபது இருக்குமேய்யா, அதுவும் குடிக்க ஆகாது," என்றார் தலைவர். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து அரசியலுக்கு வந்தவர். "அப்ப உங்க வீட்டுக்கு மட்டும் ஏன் எங்க குழாய்த் தண்ணி சைக்கிள்ல வருது?"

தியாகேசன் உட்கார்ந்தார். தீர்மானம் கைவிடப்பட்டது, எட்டுக்குப் பூஜ்யம்.

நான் கைதட்டினேன். பொன்னுத்தாய் அழுதுகொண்டிருந்தார். அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "ஏம்மா, முப்பது அடி தள்ளி இருக்கிற போரு. அந்தத் தண்ணி எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்னம்மா? உப்புக் கரிச்சு மாடுகூட வாய் வைக்காது. வாய்க்கால் தண்ணியிலதான் நான் பயிர் வைக்கிறேன். போர் போடப் போறாங்கன்னு சொன்ன அன்னிக்கே டீக்கடை ரெத்தினத்துக்கிட்ட சொல்லி, அந்த எடம் சவருன்னு மனு எழுதிக் குடுத்தேனே."

"குடுத்தீங்களா? எங்கிட்ட சொல்லவே இல்லியே!"

"திருப்பி அனுப்பிட்டாங்கம்மா. செவப்பு மசியில சுழிச்சிருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது. நான் சொன்னதுதான் தப்பு போலருக்குன்னு இருந்துட்டேன்."

இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து அதை எடுத்தார். அக்கா வாங்கிப் படித்துவிட்டு, எழுந்து போய்த் தலைவர் மேஜையில் வைத்தார். இதுவரை அடக்கிய சிரிப்பெல்லாம் அவர் முகத்தில் இப்போது இல்லை. மனுவில் இருந்தது ஒரே ஒரு வரி. 'அந்த எடத்துத் தண்ணி சவர், குடிக்க ஆகாது.' அதன் குறுக்கே சிவப்பு மையில்: 'சவர் அன்று, உவர். பிழை திருத்தி வருக.'

காலையிலிருந்து சோப்பும் நுரையுமாக நான் அலைந்து கண்டுபிடித்ததை இந்த அம்மாள் போன வாரமே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"மினிட் புக்கை எடுங்க," என்றார் தலைவர், ஆடலரசின் முகத்தைப் பார்க்காமல். "அந்த எடத்துத் தண்ணி குடிக்க ஆகாதுன்னு எழுதுங்க."

ஆடலரசு பேனாவைத் திறந்தார். "உவர்..." என்று முனகிக்கொண்டே குனிந்தார்.

"சவரு," என்றார் பொன்னுத்தாய் கடைசி வரிசையிலிருந்து.

பேனா நின்றது. பிறகு அவர் எழுதினார். பொன்னுத்தாய் மேஜை வரைக்கும் நடந்து வந்து, அந்த எழுத்தைக் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"சரியா எழுதியிருக்காராப்பா?"

"சரியா இருக்கும்மா. நீங்க சொன்னதேதான்."

"அப்ப நான் வர்றேன். அறுப்புக்கு முன்னாடி தண்ணிய வடிச்சு விடணும்," என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனார்.